எழுதியிருப்பதைப் படிக்கவும்

ஜனவரி 9

அண்ணா,

போனில் பேசினால் நான் கத்துவேன். நான் கத்தினால் நீ ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். போன வருடம் உன் வீட்டு விருந்துக்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளாததற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. இருக்கிறது என்று நீ நினைத்தால் அப்படியே வைத்துக்கொள்.

நூலகர் இன்று நேராக எங்கள் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். நான் ஒருவர் மூக்கில் பிரேமை உட்காரவைத்து அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "உங்க மாடி வகுப்பப் பத்தி கமிட்டில பேச்சு வந்திருக்கும்மா. நீங்க லத்தீன் சொல்லித்தரீங்களா, இல்ல கதை சொல்லிட்டிருக்கீங்களான்னு கேக்கறாங்க. அந்த அறைய வேற வேலைக்குக் கேட்டு ஆளுங்க வரிசையில நிக்கறாங்க. அதனால வெளியூர்ல ஒரு பெரிய லத்தீன் ஆசிரியர்கிட்ட கருத்து கேட்டிருக்கோம்."

யார் அந்தப் பெரிய ஆசிரியர் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார். பிரேம் என் கையிலிருந்து நழுவி அந்த மனிதர் மடியில் விழுந்தது.

என் வகுப்பைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம், அன்று விருந்தில் நான் சொல்ல ஆரம்பித்து நீங்கள் மூன்று ஆசிரியர்களும் முடிக்கவிடாத அரை வாக்கியம்தான். முழுவதையும் இப்போது கேள். வாரம் இரண்டு சாயங்காலம், நூலகத்து மாடி அறை. அங்கே ஒரு ஜன்னல் திறக்காது, இன்னொன்று மூடாது. பதினோரு பேர் வருகிறார்கள், எல்லோரும் பகலில் வேறு பிழைப்பு உள்ளவர்கள். உள்ளே வந்ததும் அன்றைய நாளைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் லத்தீனில் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காரவேண்டும். கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் அவரை உளி என்று கூப்பிடுகிறோம். நேற்று அவர் "லாபிஸ் தூருஸ், எம்ப்தோர் தூரியோர்" என்றார். கல் கடினமாம், வாங்க வருகிறவர் அதைவிடக் கடினமாம். அதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கரும்பலகையில் ஒரு பழமொழி. அப்புறம் காகம், நரி, ஓநாய், ஆட்டுக்குட்டி என்று ஒரு குட்டிக்கதை. கதை எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் தெரியாத சொல் வந்தாலும் பயம் வருவதில்லை. அதுதான் என் முறை. உன்னுடையதைப்போல அட்டவணையில் ஆரம்பித்து அட்டவணையில் முடிகிற முறை இல்லை.

அண்ணா, நான் பகலெல்லாம் மற்றவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறேன். அது பிழைப்பு. அந்த இரண்டு சாயங்காலம் மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டால் அது போய்விடும். சலுகை கேட்கவில்லை. நியாயமாகப் பார் என்றுதான் கேட்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஜனவரி 17

அன்புள்ள தங்கைக்கு,

நூலகர் கடிதம் வந்ததுமே, நீ என் உடன்பிறந்தவள் என்று அவருக்கு எழுதிவிட்டேன். வேறு ஆளைப் பாருங்கள் என்றும் சொன்னேன். "நீங்கள் யாருக்கும் மார்க் போடமாட்டீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கேட்டோம்" என்று பதில் வந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தங்கை என்று பார்க்கமாட்டேன். ஆனால் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன். ஒரு சிறிய சோதனைத் தாளை மூடிய உறையில் நூலகருக்கு அனுப்பியிருக்கிறேன். அதை அவர் முன்னிலையில் உன் மாணவர்கள் எழுதட்டும். ஒரே ஒரு குட்டிக்கதை, பத்துப் பன்னிரண்டு வரிதான். மொழிபெயர்த்தால் போதும். இலக்கணக் கேள்வி கிடையாது, அட்டவணை கிடையாது. உன் மைதானத்திலேயே உன்னைச் சந்திக்கிறேன்.

முறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தெரிந்த கதையைக் கொடுத்தால் பயம் போகும் என்கிறாய். சரி. பயத்தோடு சேர்ந்து வேறு ஏதாவதும் போகிறதா என்று என்றைக்காவது பார்த்திருக்கிறாயா?

விருந்து பற்றி: அன்று நீ தட்டில் வைத்ததைத் தொடாமல் எழுந்து போனாய். உன் அண்ணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஏன் என்று இரண்டு பேரும் எனக்கு விளக்கவில்லை.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணா,

நீ மனிதனே இல்லை.

விளக்கம் வேண்டுமா? கொடுக்கிறேன், உட்கார். நூலகர் உறையைப் பிரித்துத் தாளை எல்லோருக்கும் கொடுத்தார். முதல் வரியில் காகம், இரண்டாவது வரியில் பாலாடைக்கட்டி, மூன்றாவது வரியில் நரி. என் ஆட்கள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீ! உளி பேனாவைத் திறக்கும்போதே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நாற்றங்கால் வைத்திருப்பவர், செடிப் பெயர்களுக்காக வந்து சேர்ந்தவர், தாளைக் கொடுத்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். ஒருவரைத் தவிர எல்லோரும் நேரம் முடியும் முன்பே எழுந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அண்ணன் விட்டுக்கொடுத்துவிட்டான், பாவம், பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்தேன்.

போன வாரம் தாள்கள் திரும்பி வந்தன. ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் உன் முத்து முத்தான கையெழுத்து: "தவறு. எழுதியிருப்பதைப் படிக்கவும்."

படித்தேன். உன் காகம், நரி புகழ்ந்ததும் வாயைத் திறக்கவே இல்லை. முதலில் கட்டியை எடுத்துக் காலுக்கடியில் வைத்து மிதித்துக்கொண்டது. அப்புறம்தான் பாடியது. நரி பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனது. வெறும் இரண்டு வரி. சின்னச் சின்ன, என் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். அதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் கட்டியைக் கீழே விழவைத்து, நரியை அதைத் தின்னவைத்து, உன் தாளில் இல்லாத நீதியையும் கடைசியில் சேர்த்து எழுதியிருந்தார்கள். உளியின் மொழிபெயர்ப்பு அவ்வளவு அழகு. கல்லில் வெட்டலாம். ஒரு வார்த்தைகூட உன்னுடைய கதையில் இல்லை.

தப்பு, ஒருவர் பார்த்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பெண்மணி. ரொம்ப மெதுவாகப் படிப்பவர், பாதிதான் முடித்திருந்தார், ஆனால் காகம் கட்டியை மிதிக்கிற வரி வரைக்கும் எல்லாம் சரி. எப்படி என்று கேட்டேன். "எங்க வீட்ல எனக்கு யாரும் கதை சொன்னதில்ல டீச்சர். இந்தக் கதை எப்படி முடியும்னு எனக்குத் தெரியாது. அதான் ஒவ்வொரு வார்த்தையா பாத்தேன்" என்றார். அதைக் கேட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையை மறுபடி துடைத்தேன்.

கமிட்டி சொன்னது: ஜூன் மாதப் பொதுத் தேர்வு வரைக்கும் அறை உண்டு. அதில் பாதிக்கு மேல் தேறினால் வகுப்பு நிலைக்கும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடவேண்டும்.

இது குயுக்தி. கேவலமான, பள்ளிக்கூட வாத்தியார் குயுக்தி. இரண்டு நாளாகக் கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உன்னைத் திட்டினேன். மூன்றாவது நாள் திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்தது. என் ஆட்கள் லத்தீன் படிக்கவில்லை, கதையை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நானும்தான் அப்படியே விட்டுவிட்டேன். நீ சொன்னது சரி. நீ சொன்னது சரியாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதில் போடவேண்டாம்.

தங்கை


பிப்ரவரி 10

கொக்கே,

சின்ன வயதுப் பட்டப்பெயர் இன்னும் உனக்குப் பொருந்துகிறது. பதில் போடவேண்டாம் என்றாய். போடுகிறேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் சொன்னதை என் வகுப்பில் சொன்னேன். பையன்கள் சத்தம் போடாமல் கேட்டார்கள். அது இங்கே அபூர்வம்.

உன் முறை தவறு என்று நான் கமிட்டிக்கு எழுதவில்லை. "இவர்கள் பயமில்லாமல் படிக்கிறார்கள், இனி கண்ணைத் திறந்து படிக்கவேண்டும், அதற்கு அவகாசம் கொடுங்கள்" என்றுதான் எழுதினேன். தேர்வு வரைக்கும் அறையை விடச் சொன்னதும் நான்தான். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். உன் அண்ணி தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சொல்லாட்டி நான் சொல்லுவேன்" என்கிறாள்.

இத்துடன் ஒரு கதை வைத்திருக்கிறேன். முயலும் ஆமையும். கோபம் தணியாவிட்டால் கிழித்துப் போட்டுவிடு. தணிந்திருந்தால் அவர்களிடம் கொடு.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

கிழிக்கவில்லை. ஒரு வாரம் கைப்பையிலேயே வைத்திருந்துவிட்டு வகுப்பில் கொடுத்தேன்.

இந்தத் தடவை கொடுக்கும்போதே சொன்னேன்: "இது அந்தக் காக்கா ஆசாமி அனுப்பினது." உடனே எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் வைத்துப் படித்தார்கள், திருடனைத் தேடுகிற மாதிரி. முதலில் கண்டுபிடித்தவர் நாற்றங்கால்காரர். "இங்க பாருங்க, இங்க பாருங்க! ஆமை நின்னுடுச்சு!" என்று மேஜையில் ஓங்கி அடித்தார். மூடாத ஜன்னல் தானாக மூடிக்கொண்டது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆமை நின்று, திரும்பிப் போய், தூங்குகிற முயலை எழுப்புகிறது. எல்லோரும் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்கள். பிறகு உளி, "இந்தக் காக்கா ஆசாமி அவ்ளோ மோசமானவர் இல்ல போலிருக்கே டீச்சர்" என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து எங்கள் வகுப்பே மாறிவிட்டது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை. தெரிந்த கதை ஒன்றை எடுத்து, ஒரே ஒரு இடத்தில் மாற்றி, தானே லத்தீனில் எழுதிக்கொண்டு வரவேண்டும். மற்றவர்கள் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். பிடிக்க முடியாமல் செய்தவர்தான் அந்த வாரத்து ராஜா, ஜன்னல் பக்கத்து நாற்காலி அவருக்கு. பிறர் கண்ணில் மண்ணைத் தூவவேண்டும் என்றால் இலக்கணம் சுத்தமாக இருக்கவேண்டும், இல்லையா? அதனால் அவர்களே வந்து அட்டவணை கேட்கிறார்கள். ஆமாம், அட்டவணை. சிரிக்காதே. வகுப்பு ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் அதைச் சத்தம் போட்டுச் சொல்கிறோம். கீழே நாளிதழ் படிக்கிறவர்கள் நூலகரிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ்காரம்மாவுக்குத்தான் இப்போது கஷ்டம். மற்றவர்களை ஏமாற்ற அவருக்கு முதலில் அசல் கதை தெரியவேண்டுமே! அதனால் உளி ஒவ்வொரு கதையையும் அவருக்கு மாடிப்படியில் உட்கார்ந்து சொல்கிறார். ஐம்பது வயதில் முதல் தடவையாகச் சிங்கத்தையும் எலியையும் பற்றிக் கேட்டுவிட்டு, "அப்புறம்? அப்புறம்?" என்கிறார்.

இத்துடன் அவர்கள் எழுதியவற்றில் நல்லதாக நான்கு வைத்திருக்கிறேன். உன்னால் பிடிக்க முடிகிறதா பார். இன்னும் அனுப்பு.

தங்கை

அண்ணிக்கு: அண்ணன் தோளுக்குப் பின்னால் எப்போதும் நீங்கள்தான் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.


ஏப்ரல் 4

கொக்கே,

நான்கையும் பிடித்துவிட்டேன். மூன்றாவதில் கொஞ்சம் திணறினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். சிங்கம் வலையிலிருந்து வெளியே வந்ததும் எலியிடம் நன்றி சொல்லாமல் போய்விடுகிறது, மறுநாள் திரும்பி வருகிறது. எழுதியது யார்? மாடிப்படியில் கதை கேட்கிறவராகத்தான் இருக்கவேண்டும்.

இங்கே ஒரு விபரீதம் நடந்துவிட்டது. உன் தாள்களை மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போனேன். பையன்கள் பார்த்துவிட்டார்கள். இப்போது அவர்களும் எழுதுகிறார்கள். என் வகுப்பில் முப்பது வருடமாக யாரும் மணி அடித்த பிறகு உட்கார்ந்ததில்லை. நேற்று உட்கார்ந்தார்கள். அன்று விருந்துக்கு வந்த நண்பர், உனக்கு ஞாபகம் இருக்கும், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன, நரிப் பாடமா?" என்றார். "ஆமாம், உள்ளே வந்து உட்காருங்க, உங்களுக்கும் ஒண்ணு தரேன்" என்றேன். அவர் உட்கார்ந்து எழுதினார். தவறாக எழுதினார். சிவப்பு மையில் திருத்தியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது!

இத்துடன் ஆறு கதைகள். தேர்வுக்கு ஓர் ஆலோசனை: வகுப்பில் பார்க்காத பத்தி ஒன்று வரும். கதையாக இருக்கலாம், யாரோ டாக்டரிடம் போன கதையாகவும் இருக்கலாம். முதலில் முழுவதையும் ஒரு தடவை படிக்கச் சொல். பேனாவைத் தொடக் கூடாது.

இன்னும் ஒன்று எழுத நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

தேர்வு முடிந்துவிட்டது. நீயாக இருந்தால் சிரித்திருப்பாய், நான் அழுதேன், அப்புறம் சிரித்தேன்.

ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. உளியின் முழங்கால் மேஜைக்குள் போகவில்லை, பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதினார். ஆம்புலன்ஸ்காரம்மா இரவு வேலை முடித்துவிட்டுச் சீருடையோடே வந்திருந்தார். வாசலில் நின்ற காவலர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

முதலில் வெளியே வந்தவர் உளி. முகம் வெளிறிப் போயிருந்தது.

"டீச்சர், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் வந்தது."

"சரி, அப்புறம்?"

"ஓநாய் ஆட்டுக்குட்டியச் சாப்பிட்டுடுச்சு."

"அதுதானே கதை?"

"அதான் டீச்சர்! ஒண்ணுமே மாத்தல! நாலு தடவ படிச்சேன். அப்படியேதான் இருக்கு. இது எப்படி நியாயம்?"

ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவரும் இதையேதான் சொன்னார்கள். திருட்டுக் காகங்களுக்கும் இரக்கமுள்ள ஆமைகளுக்கும் பழகிப்போய், நேர்மையான ஓநாயைப் பார்த்ததும் பதறிவிட்டார்கள். உளி தாளின் கடைசியில் ஒரு குறிப்பும் எழுதிவிட்டு வந்திருக்கிறார்: "இந்தக் கதையில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்பதைச் சரிபார்த்துவிட்டேன்." திருத்துகிறவர் என்ன நினைப்பார் என்று யோசித்துத்தான் நான் அழுதேன். நாற்றங்கால்காரரின் கதை இன்னும் மோசம். எங்கேயோ ஒரு மாற்றம் இருந்தே தீரும் என்று கடைசிவரைக்கும் அந்த ஒரு பத்தியைத் துருவிக்கொண்டிருந்தாராம். மற்ற கேள்விகளைத் தொடவே இல்லை.

முடிவு ஜூலையில். நேற்று ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

தங்கை


ஜூலை 6

கொக்கே,

முடிவு வந்ததா? இங்கே தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்பதாக உன் அண்ணி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் நிற்கவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். எங்கள் வாசலில் செடி இல்லை என்பது வேறு விஷயம்.

அண்ணன்


ஜூலை 11

அண்ணா! அண்ணா! அண்ணா!

ஒன்பது பேர் தேறிவிட்டார்கள்!

நூலகர் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கதவிலேயே நின்று மூச்சிரைக்கப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் மேஜையில் தட்டினோம், கீழே நாளிதழ் படிக்கிறவர்கள் புகார் கொடுக்க மேலே வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர்களும் தட்டினார்கள். ஆம்புலன்ஸ்காரம்மாதான் எல்லோரையும்விட அதிக மார்க். பெயரைப் படித்ததும், "எனக்கா? மறுபடி படிங்க. எழுதியிருக்கறதப் படிங்க" என்றார். நூலகர் படித்தார். அந்தம்மா இறங்கிப்போய் வண்டியில் உட்கார்ந்து, சைரனை ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு வந்தார். அது சட்டப்படி தப்பு, யாரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

உளியும் தேறிவிட்டார், குறிப்போடு. நாற்றங்கால்காரரும் இன்னொருவரும் தவறிவிட்டார்கள். நாற்றங்கால்காரருக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை. "அந்த ஓநாய் கதையில ஏதோ இருக்கு. அடுத்த தடவ கண்டுபிடிக்கறேன்" என்கிறார்.

அறை எங்களுடையது! கமிட்டி எழுதிக் கொடுத்துவிட்டது. மூடாத ஜன்னலுக்குப் புதுக் கொக்கியும் போட்டுத் தருகிறார்களாம். நான் ஜெயித்துவிட்டேன், அண்ணா. இதை உன்னிடம் சொல்லும்போதுதான் முழுசாக ஜெயித்த மாதிரி இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

கூட ஒரு கதை இருக்கிறது. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து உனக்காக எழுதினார்கள். கடைசி வரிகள் மட்டும் என்னுடையவை. நரியும் கொக்கும். மொழிபெயர்த்து அனுப்பு. சோதனை என்றே வைத்துக்கொள்.

கொக்கு


ஜூலை 19

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை வாசலிலேயே பிரித்தேன். சத்தம் போட்டுப் படித்தேன். உன் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நானும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அதில் தூசி இருந்தது. உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன் பாதிப் பக்கம் எழுதிக் கிழித்தேன். உன் முறையும் என் முறையும் சேர்ந்ததுதான் ஜெயித்தது என்று சொல்ல நினைத்தேன். இல்லை. ஓட்டியது நீ, நான் ஒரு இடத்தில் பிரேக் பிடித்தேன், அவ்வளவுதான்.

கதையை மொழிபெயர்த்து இத்துடன் வைத்திருக்கிறேன். நரி கொக்கை விருந்துக்குக் கூப்பிட்டு, தட்டையான தட்டில் கூழை ஊற்றி, தான் மட்டும் நக்கிக் குடிக்கிறது. நீண்ட அலகை வைத்துக்கொண்டு கொக்கு பட்டினியாகத் திரும்புகிறது. பிறகு கொக்கு நரியைக் கூப்பிட்டு, கழுத்து நீண்ட ஜாடியில் உணவை வைக்கிறது. நரி ஜாடியின் வெளிப்புறத்தைப் பார்த்துவிட்டுப் பட்டினியாக வீட்டுக்குப் போகிறது.

புரிந்தது. அன்று என் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டோம். உனக்கு ஒரு வாய்ப் பேச்சுக்கூடக் கிடைக்கவில்லை. நண்பர் நரிப் பாடம் என்று சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். ஏப்ரலில் எழுத நினைத்து விட்டுவிட்டது இதுதான். எனக்கும் ஜாடி வரவேண்டியதுதான், நியாயம். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்குச் சரியாக வரவில்லை.

அண்ணன்


ஜூலை 25

(மொழிபெயர்ப்புத் தாளின் மேல், சிவப்பு மையில்)

தவறு. எழுதியிருப்பதைப் படிக்கவும்.


ஜூலை 30

கொக்கே,

தாளைப் பார்த்ததும் உன் அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எழுந்திருக்கக் கைகொடுக்க வேண்டியிருந்தது. "முப்பது வருஷமா லத்தீன் சொல்லிக்குடுத்தீங்க, இப்ப படிச்சீங்களா?" என்றாள்.

படித்தேன். விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, உன் ஆம்புலன்ஸ்காரம்மா படிக்கிற மாதிரி. கடைசி வரிகளை என் கண் தாண்டியே போயிருக்கிறது. ஜாடியைப் பார்த்ததும் மீதி தெரியும் என்று நினைத்துவிட்டேன். எத்தனை பேர் தாளில் சிவப்பு மை ஊற்றியிருக்கிறேன், எனக்கு நானே ஊற்றிக்கொள்ளவேண்டிய நாள் வந்துவிட்டது. என் வகுப்பில் இந்தத் தாளை அப்படியே காட்டினேன். பையன்கள் மேஜையைத் தட்டினார்கள், விருந்துக்கு வந்த நண்பர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அவரை யாரும் அழைக்கவில்லை.

திருத்திய மொழிபெயர்ப்பு:

"கொக்கு உணவை நீண்ட ஜாடியில் வைத்தது. ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு தட்டையும் வைத்தது. நரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. 'எனக்கு ஜாடி, உனக்குத் தட்டு. கூழ் ஆறுகிறது, உட்கார்' என்றது கொக்கு."

வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கிறது அல்லவா? காலை ரயிலில் நானும் அண்ணியும் புறப்படுகிறோம். நாற்காலியில் உட்காரும் முன் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தாய். இப்போதிலிருந்தே பயிற்சி எடுக்கிறேன்: "வுல்பெஸ் வெனித், எசூரித்." நரி வந்திருக்கிறது, பசியோடு இருக்கிறது.

தட்டை எடுத்து வை.

அண்ணன்